மறக்கத் தெரிந்த பலகை

அலறல் கேட்டதும் ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் தங்கபுஷ்பத்தை நோக்கி ஓடினார்கள். வேலாண்டி மட்டும் மிஷினை நோக்கி ஓடினான்.

மிஷினை நிறுத்தத்தான் ஓடினான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைச் சொல்லிச் சொல்லி மெச்சவும் செய்தார்கள். "நாங்கள்லாம் பதறிப் போனோம். வேலாண்டி அண்ணனுக்குத்தான் அந்த நேரத்திலயும் புத்தி வேலை செஞ்சுது." நிறுத்தியது உண்மைதான். சிவப்புப் பொத்தானில் ஓங்கி ஒரு அடி அடித்தான். ஒளியும் ஓட்டமும் நின்றன. ஆனால் அதற்குப் பிறகும் அரை நிமிஷம் அங்கேயே நின்று கீபோர்டில் எதையோ தட்டினானே, அதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அந்த அரை நிமிஷத்தைச் சொல்ல வேண்டுமானால் முந்தின நாளுக்குப் போக வேண்டும்.

முந்தின நாள் விஜயதசமி. சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை வெட்டுகிற ஷெட் அது. கட்டில் அகலத்துக்கு ஒரு மிஷின். மேலே கண்ணாடி மூடி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி ஓடி ஓடி அட்டையில் மயிலும் கொடியும் மாப்பிள்ளை பெயரும் வெட்டும். லீவு நாளில் அண்ணாச்சி ஜெயக்கொடி சாவியை வேலாண்டி கையில் கொடுத்து, "சாயங்காலத்துக்குள்ள புதுச கொண்டாந்து ஏத்திரு. நாளைக்குச் சரக்கு போகணும்" என்று சொல்லிவிட்டு விருந்துக்குப் போய்விட்டார்.

மிஷினை ஓட்டுகிற பலகையில் இருந்த பழைய நிரலை ஏன் தூக்கினார்கள் என்று கேட்டால், சாட்சிச் சட்டத்தால் என்று சொல்ல வேண்டும். வேலை நடக்கிற இடத்தில் எது நடந்தாலும் மிஷின் சொல்வதுதான் சாட்சி, மனுஷர் சொல்வது வெறும் பேச்சு என்று ஒரு சட்டம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. உள்ளங்கையை வைத்தால்தான் மிஷின் எழும்பும். கை வைத்த நிமிஷத்திலிருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருக்கும்.

"முந்தாநேத்து மூடியப் பதினாலு தடவ தொறந்தேனாம். செவப்புப் புள்ளி வச்சிருக்கு" என்றாள் தங்கபுஷ்பம். வழிமுறைத் தாளைப் படித்துக் காட்டுவதற்காக லீவிலும் வந்திருந்தாள். "கார்டு சுருண்டா தொறந்து அமுக்காம என்னண்ணே செய்ய? வெளிய நின்னு ஊதவா?"

"ஊதுனா அதையும் எழுதும்."

"ஒண்ணுக்குப் போனதையே எழுதுதே! ஆறு நிமிஷம் நாப்பது செகண்டாம். அந்த நாப்பது செகண்டுக்கு என்ன செஞ்சேன்னு கேக்குறாக. என்னத்தச் சொல்ல?"

அதே பலகைதான் போன வருஷம் பெல்ட் அறுந்து ஒருவன் தாடையில் அடித்தபோது, பராமரிப்பில் குறை இல்லை என்று சாட்சி சொன்னது. கம்பெனி எழுதிக் கொடுத்த நிரல் கம்பெனி பக்கம் பேசாமல் வேறு யார் பக்கம் பேசும்? எட்டு வருஷம் தாண்டிய மிஷினுக்குக் கம்பெனி நிரல் கட்டாயமில்லை என்று விலக்கு வந்ததும், ஊரே வேறொன்றைத் தேடியது. உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்ட நிரல் ஒன்று இருந்தது. அது மிஷினை ஓட்டும், அவ்வளவுதான். யாரையும் உளவு பார்க்காது. எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

வேலாண்டி அதைச் சாத்தூர் ஷெட் ஒன்றிலிருந்து பென்டிரைவில் வாங்கி வந்திருந்தான். அப்படித்தான் வழக்கம். எங்காவது ஒரு மிஷின் நன்றாக ஓடினால் அதன் ஃபைலை அப்படியே அள்ளிக்கொண்டு வருவார்கள்.

பலகையில் ஒரு சின்ன ஊசியைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினான். கேபிளை மாட்டினான். தங்கபுஷ்பம் வாசித்தாள், அவன் ஒற்றை விரலால் தட்டினான். கோடு நகர்ந்து நகர்ந்து நூறைத் தொட்டது. சின்னத் திரையில் 'ஸ்ரீ முருகன் துணை' என்று வந்தது.

"இது யாருண்ணே உள்ள?"

"சாத்தூர்க்காரன் எவனோ ஆரம்ப வரியா எழுதிருக்கான். போட்டதும் மொதல்ல அது வரும்."

"நான் வேதக்காரி. எடுத்துட்டு இயேசுன்னு போடுங்க."

"அட சும்மா இரு. எதையாவது எடுக்கப் போயி மிஷின் ஓடாமப் போச்சுன்னா?"

முதலில் வலப்பக்கம் போகச் சொன்னால் இடப்பக்கம் போய்ச் சட்டத்தில் டக்கென்று முட்டியது. "மாப்பிள்ள வீட்டுக்குப் போகச் சொன்னா பொண்ணு வீட்டுக்குப் போகுதே" என்று அவள் சிரித்தாள். திசையைத் திருப்பினார்கள். அப்புறம் பத்து சென்டிமீட்டர் போகச் சொன்னால் எட்டுதான் போனது. மயிலை வெட்டினால் வாத்து வந்தது. ஒரு எண்ணை மாற்றி மாற்றி ஐந்தாவது தடவையில் வாத்து மயிலானது. மதியம் மூன்று மணி. மகளைப் பாட்டு வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று தங்கபுஷ்பம் கிளம்பினாள். வாசலில் திரும்பி, "மிஷினுக்கு இன்னைக்கு எழுத்தறிவிச்சாச்சு. உங்களவிடச் சீக்கிரம் படிச்சிருச்சு" என்றாள்.

அவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். நாற்பத்திரண்டு வயதுவரை பெருவிரலில் மை தடவியவன் அவன். பெயர் வெட்டும்போது அட்டையிலிருந்து எழுத்துகள் கழன்று தட்டில் விழும். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குப்பையைக் கொட்டி, ஒவ்வொன்றாகக் கையில் வைத்துக் காட்டுவாள். மணமகனிலிருந்து விழுந்தது 'ம'. வேலாயுதத்திலிருந்து விழுந்தது 'வே'. ஒருநாள் அவள் அடுக்கிக் காட்டிய நாலு எழுத்தைக் கூட்டி வாசித்தபோது அது அவன் பெயராக இருந்தது.

அவள் போன பிறகுதான் வினை. மூடியைத் திறந்தால் மிஷினை நிறுத்துகிற சுவிட்சின் ஸ்பிரிங் தேய்ந்துபோயிருந்தது. வேகமாக ஓடும்போது மூடி நடுங்கும், சுவிட்ச் விடும், மிஷின் நிற்கும். கம்பெனி நிரல் இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். இந்தப் புது நிரல் ரொம்ப யோக்கியம். சந்தேகம் வந்தாலே நின்றுவிட்டது. மூன்று தடவை நின்றது. ஸ்பிரிங் வாங்கலாம் என்றால் கடை எல்லாம் பூட்டு.

ஃபைலில் 'மூடி திறந்தால் நில்' என்று பொருள்படும் வரி ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் ஒரு குறி போட்டால் பலகை அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். வேலாண்டி குறியைப் போட்டான். நாளைக்குக் காலையில் முதல் வேலை ஸ்பிரிங் வாங்குவது, இரண்டாவது வேலை இந்தக் குறியை எடுப்பது என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டான். மிஷின் நிற்காமல் ஓடியது.

மறுநாள் காலையில் ஷெட் திருவிழா மாதிரி இருந்தது. கை வைக்காமல் மிஷின் எழும்புவதைப் பார்க்கக் கூட்டம். பாக்கியம் வேண்டுமென்றே ஒண்ணுக்குப் போய்ப் பன்னிரண்டு நிமிஷம் கழித்து அசைந்து அசைந்து வந்தாள், எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணாச்சி டீயும் பன்னும் வாங்கி வரச் சொன்னார். "நம்ம வேலாண்டி இஞ்சினியர்லா!" என்று தோளில் தட்டினார். நாற்பத்தாறு வருஷத்தில் அவனை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பதினோரு மணிக்கு டம்ளர் கையில் இருக்கும்போது அவனுக்கு ஸ்பிரிங் ஞாபகம் வந்தது. எதிரே தங்கபுஷ்பம் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் எப்படிச் செய்தே, எங்கே படித்தே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? இந்த டம்ளரை முடித்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தான். டீ சூடாக இருந்தது. ஊதிக் குடித்தான்.

உள்ளே ஒரு கார்டு சுருண்டது. தங்கபுஷ்பம் பழக்கதோஷத்தில் மூடியைத் தூக்கிக் கையை விட்டாள். மூடியைத் தூக்கினால் ஒளி நிற்கும். எட்டு வருஷமாக நின்றிருக்கிறது.

கீபோர்டில் அவன் அரை நிமிஷம் செய்தது இதுதான்: அந்தக் குறியை எடுத்தான். மறுபடி எல்லாம் ஒழுங்காகிவிட்டது. மூடியைத் திறந்தால் நிற்கிற மிஷின். இதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று அந்தப் பலகைக்கு ஞாபகம் கிடையாது. அவன் கை முதலில் போனது அவள் கையைப் பிடிக்க அல்ல. இதை அவன் இன்றுவரை எந்த விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் அது அப்படியேதான் இருக்கிறது.

விசாரணைக்கு முதல் நாள் அண்ணாச்சி அவனைத் தனியாகக் கூப்பிட்டார். என்ன நடந்திருக்கும் என்று அவர் ஊகித்துவிட்டார். விபத்துக்குப் பிறகு தேய்ந்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதிது வாங்கிப் போட்டவர் அவர்தான்.

"மிஷினே மறந்துருச்சு. நீ எதுக்குய்யா ஞாபகம் வச்சிருக்க?"

விசாரணை அதிகாரி மெர்சி ஜெபராணிக்கு ஐம்பது வயதிருக்கும். கேள்விகள் அச்சடித்த படிவத்திலிருந்தே வந்தன. தங்கபுஷ்பம் வலது கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் நரம்பு வெந்து மூன்று விரல் மடங்கவில்லை. பெரிய ஆபரேஷன் செய்தால் கொஞ்சம் மடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலையில் நேர்ந்த விபத்து என்று பதிவானால்தான் அதை அரசாங்கம் ஏற்கும். அவளுடைய கவனக்குறைவு என்று பதிவானால் ஆபரேஷனும் இல்லை, இனி மிஷின் வேலையும் இல்லை.

"மூடி சுவிட்ச் வேலை செஞ்சுதா?" என்று அதிகாரி வேலாண்டியைக் கேட்டார்.

"செஞ்சுது மேடம்."

தன் குரல் அவ்வளவு தெளிவாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

தங்கபுஷ்பம் தலையை ஆட்டினாள். "என் தப்புதான் மேடம். முழுசாத் தொறந்திருக்க மாட்டேன். பாதியில கைய விட்டுருப்பேன். எத்தன தடவ யோசிச்சுப் பாத்தாலும் அதுதான் தோணுது."

முடித்ததும் படிவத்தை நீட்டினார்கள். அவள் இடது கையில் பேனாவைப் பிடித்துப் பார்த்தாள், முடியவில்லை. மைப்பெட்டியை நகர்த்தினார்கள். அவள் இடது பெருவிரலை ஒற்றி எடுத்துவிட்டு வேலாண்டியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"நம்ம ரெண்டு பேரும் எடம் மாறிட்டோம்ணே."

அன்றைக்கு அவன் நேராக வீட்டுக்குப் போகவில்லை. அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்து, அதிகாரி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது முன்னால் போய் நின்றான். குறியைப் போட்டது, டீ குடித்தது, குறியை எடுத்தது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு, "இத எழுத என் ஃபாரத்துல எடம் இல்லப்பா" என்றார்.

"நாந்தான் செஞ்சேன்னு நானே சொல்றேனே மேடம்?"

"வாய்ச்சொல் செல்லாது. மிஷின் என்ன சொல்லுது?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாது. நாங்கதான மறக்குறதப் போட்டோம்."

"அப்ப 'பதிவு இல்லை'. பதிவு இல்லேன்னா தொழிலாளி கவனக்குறைவு. சட்டம் அப்படித்தான் இருக்கு." படியேறப் போனவர் நின்றார். "வியாழக்கிழமை மிஷின நேர்ல பாக்க வாரேன். போடச் சொல்லுவேன். திரையில என்ன வருதோ அத ஒரு எழுத்து மாறாம எழுதணும். அது ஒண்ணுதான் என் வேலை."

அவர் தெரிந்துதான் சொன்னாரா, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாரா என்று அவனுக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் போகும்போதுதான் விளங்கியது.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஷின் முன்னால் உட்கார்ந்தான். ஆரம்ப வரியைத் திறந்தான். 'மூடி சுவிட்ச் அணைந்திருந்தது' என்று முதலில் எழுதினான். வாசித்துப் பார்த்தான். மழை பெய்தது, காற்று அடித்தது என்பது மாதிரி இருந்தது. சுவிட்ச் தானாகவா அணையும்? அழித்தான். மறுபடி ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினான். அவள் உள்ளங்கையில் வைத்துக் காட்டிய அதே எழுத்துகள்தான். 'வே' வந்தபோது விரல் கொஞ்சம் நின்றது.

அதிகாரி வந்ததும் அண்ணாச்சியே போய்ப் பொத்தானை அழுத்தினார். முருகன் இருந்த இடத்தில் மூன்று வரி வந்தது.

மூடி சுவிட்சை அணைத்தவன் வேலாண்டி.
கை வெந்தது தங்கபுஷ்பத்துக்கு.
அவள் மேல் தப்பு இல்லை.

அண்ணாச்சி முகம் வெளுத்துவிட்டது. "மேடம், இது எவனோ வெளையாட்டுக்கு..."

"மிஷின் சொல்லுதா, இல்லையா?" அதிகாரி பேனாவைத் திறந்து மூன்று வரியையும் எழுதிக்கொண்டார். மிஷின் வாக்குமூலம் உண்டு என்ற கட்டத்தில் குறி போட்டார். வேலாண்டி முன்னால் வந்து, "மேடம், நாந்தான்..." என்று தொடங்கினான்.

"உங்கள நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார் அவர். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

பாக்கியமும் மற்றவர்களும் திரையைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள். ஒருவரும் வையவில்லை. அவரவர் இடத்துக்குப் போய் வேலையைத் தொடங்கினார்கள். அவன் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைக்கிற டம்ளரை மறுநாளிலிருந்து யாரும் மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கழுவவில்லை.

தங்கபுஷ்பத்துக்கு ஆபரேஷன் நடந்தது. இரண்டு விரல் மடங்கின. அவன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனான். அவள் பழத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"வரி எழுதுனீகளாமே. பாக்கியம் சொன்னா. தப்பில்லாம எழுதியிருக்கீகளாம்."

அவன் பழம் கொண்டுவந்த பையை மடித்தான்.

"சுவிட்ச நிறுத்துனதக்கூட விடுங்க. மறந்துட்டீக. மனுஷன் மறப்பான். ஆனா ஒரு மாசமா நான் என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேண்ணே. பாதியில கைய விட்டியே, அறிவில்லையா உனக்குன்னு. ராத்திரில எந்திரிச்சு, மூடியத் தொறக்குற மாதிரி கையத் தூக்கித் தூக்கிப் பாப்பேன். எங்க வீட்டுக்காரரு பைத்தியம்னு நெனச்சாரு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த ஒரு மாசமும் நீங்க பாக்க வந்து என் முன்னாலயே உக்காந்திருந்தீக."

அவன் எதிர்பார்த்து வந்த வார்த்தை எதுவோ, அது அவளிடம் இல்லை.

மிஷின் சொன்ன சாட்சி என்பதால் அவன் பெயரும் உள்ளங்கை ரேகையும் பட்டியலில் ஏறின. கம்பெனிப் பலகை உள்ள எந்த மிஷினும் இனி அவன் கைக்கு எழும்பாது. அண்ணாச்சி அவனை நிறுத்திவிட்டார். மூட்டை தூக்கினான், செங்கல் சூளையில் நின்றான். முதுகு விட்டுப்போனது. ஒன்றரை வருஷம் கழித்து, கோயம்புத்தூர் கணபதியில் பெயர்ப்பலகை வெட்டுகிற ஷெட் ஒன்றில் பொதுநிரல் போட்ட மிஷின் இருக்கிறது, கை ரேகை கேட்கமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, அங்கே போய் நின்றான். பெயர் கேட்டால் தன் மாமன் பெயரைச் சொல்வது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான்.

ஷெட்டை நடத்தும் பூங்கொடிக்கு முப்பது வயதுதான் இருக்கும். "ஓட்டிக் காட்டுங்ணா, பாக்கலாம்" என்று மிஷினைப் போட்டாள்.

சிவகாசித் திரையைவிடச் சின்னது, ஒரே வரிதான் கொள்ளும். அந்த ஒரு வரி வந்தது.

மூடி சுவிட்சை அணைத்தவன் வேலாண்டி.

பூங்கொடி திரையைப் பார்க்காமலே மூடியைத் தூக்கினாள், நிற்கிறதா என்று பார்த்தாள், மூடினாள். அடுத்த மிஷினிலிருந்து ஒரு குரல் கேட்டது: "அக்கா, வேலாண்டி பாத்தாச்சுங்களா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு!"

அவன், "அது என்னதும்மா?" என்றான்.

"மூடி சுவிட்ச் வேலை செய்யுதான்னு பாக்கறதுங்ணா. எல்லா ஷெட்டுலயும் அப்படித்தானுங்க சொல்றது. மிஷின் போட்டா இந்த வரி வரும், வந்தா மூடியத் தூக்கிப் பாக்கோணும். ஈரோட்டுல ஒருத்தரு இந்த வரிய எடுத்தாராம், அன்னிக்கே லேசர் டியூப் வெடிச்சுப் போச்சாம். அதனால யாரும் கை வெக்கறதில்லீங்க."

"வேலாண்டிங்கிறது யாரு?"

"ஆளெல்லாம் இல்லீங்ணா. அந்தச் சுவிட்ச்சுக்கே அதுதானுங்க பேரு." அவள் சிரித்தாள். "உங்க பேரென்னங்ணா?"

வாயில் தயாராக இருந்த மாமன் பெயர் வரவில்லை. அவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பெயர் இருந்தது. எந்த ஊரிலோ, எந்தப் பென்டிரைவிலோ, திரைக்குக் கொள்ளவில்லை என்று கீழே இருந்த இரண்டு வரியையும் யாரோ வெட்டியிருந்தார்கள்.

"அந்தக் கீபோர்டக் கொஞ்சம் குடுங்கம்மா" என்றான். "இதுல ஒரு பேரு விட்டுப்போயிருக்கு."

அவள் தயங்கி நகர்த்திக் கொடுத்தாள். வேலாண்டி நின்றபடியே குனிந்து, ஒற்றை விரலால் 'த'வைத் தேடத் தொடங்கினான்.